முதிர்ந்த மோட்டார் வண்டியும் மலைநாட்டு வீதியும்



கண்டி வாவியைச் சுற்றிச் செல்லும் வீதியில் காலை வேளையில் அரை மணி நேரம் நின்று பார்ப்பவர், மோட்டார் வண்டிகளின் எழுபது ஆண்டுச் சரித்திரத்தைக் கண்முன்னே காணலாம். 1950களில் கப்பலில் வந்திறங்கிய மொரிஸ் மைனர் ஒன்று மெல்ல மூச்சிரைத்துக்கொண்டு போகும். அதன் பின்னே 1980களின் நிசான் சனி வரும். அதை முந்த முயலும் ரொயோட்டா கொரோலாவுக்கு முப்பது வயதிருக்கும். இவற்றுக்கிடையே ஓசையின்றி நழுவிச் செல்லும் ஹைபிரிட் வண்டியும் இப்பொழுது பத்து வயதைத் தாண்டிய பழைய வண்டியே. பிற நாடுகளில் இவற்றுட் பல, காட்சிச்சாலைக்கோ இரும்புக் கடைக்கோ என்றோ போயிருக்கும். நம் நாட்டில் அவை இன்றும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் நோயாளரை வைத்தியசாலைக்கும் கொண்டு செல்கின்றன.

இதற்குக் காரணம் பழமையின் மீது நாம் கொண்ட பற்று மட்டும் அன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக மோட்டார் வண்டிகளின் இறக்குமதி இறுக்கிக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, கைவசம் இருந்த வண்டியைத் தேய்த்துத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலோருக்கு இருக்கவில்லை. அதே கதை 2020 மார்ச் மாதத்தில் மீண்டும் தொடங்கியது. அன்று நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் வண்டிகளைப் பொறுத்தவரை, 2025 பெப்ரவரியிலேயே மறுபடி அனுமதிக்கப்பட்டது. இடையில், 2022ஆம் ஆண்டில், அமெரிக்க டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கும் மேலே பாய்ந்தது. புதிய வண்டி கனவாயிற்று. பழைய வண்டியின் உதிரிப்பாகமோ கடனாயிற்று. மாதச் சம்பளக்காரரான ஆசிரியரும் எழுதுவினைஞரும் ஓய்வூதியம் பெறுவோரும், ஓடிக்கொண்டிருக்கும் வண்டி இன்னும் ஐந்தாண்டு ஓடுமா என்று கணக்குப் பார்க்க வேண்டியவராயினர்.

நான் பொறியியல் கற்றவனல்லன். வரலாறும் தமிழும் கற்றவன். எனினும் ஒரே வண்டியை இருபது ஆண்டுகளாக மலைநாட்டு வீதிகளில் ஓட்டி வருபவன், விரும்பியோ விரும்பாமலோ சிலவற்றைக் கற்றுக்கொள்கிறான். அன்றியும், ஒவ்வொரு நாள் காலையிலும் பாடசாலை வாயிலில் நின்று, பிள்ளைகளை ஏற்றி வரும் வான்களைப் பார்ப்பது என் கடமைகளுள் ஒன்று. அந்த வான்களிற் பல, உள்ளே இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரைவிடச் சில ஆண்டுகளே இளையவை. அவற்றின் பிரேக்குகள் கிறீச்சிடும் ஓசையைக் கேட்கும்போது, இவ்விடயத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும் என்று பலமுறை எண்ணியதுண்டு.

வண்டியின் வயதை நாம் பெரும்பாலும் ஓடிய தூரத்தைக் கொண்டே அளக்கிறோம். இரண்டு இலட்சம் கிலோமீற்றர் என்றதும் முகம் சுளிக்கிறோம். ஆனால் அந்த எண் முழுக் கதையையும் சொல்வதில்லை. ஜப்பானில் ஓடிப் பின்னர் இங்கு வந்த வண்டிகளிற் சிலவற்றில் அந்த எண்ணே திருத்தப்பட்டிருக்கும். மானி நாற்பதாயிரம் என்று காட்ட, பிரேக் மிதியின் இறப்பரும் சாரதி ஆசனத்தின் ஓரமும் தேய்ந்து பளபளத்தால், நம்ப வேண்டியது மிதியையே, மானியை அன்று. எண் உண்மையானதாயினும், அத்தூரம் எங்கே ஓடப்பட்டது என்பது அதனினும் பெரிய கேள்வி. புத்தளம் வீதியின் சமதரையில், இயந்திரம் நன்றாகச் சூடேறிய பின், ஒரே சீராக ஓடும் நூறு கிலோமீற்றரால் வண்டிக்கு அதிகம் தேய்வில்லை. அம்பிட்டியவிலிருந்து கண்டிக் கடைத்தெருவுக்கு இறங்கி, நெரிசலில் நின்று நின்று நகர்ந்து, மறுபடி முதலாம் கியரில் ஏறி வீடு திரும்பும் நாலைந்து கிலோமீற்றரில், கிளச், பிரேக், இயந்திரம் மூன்றும் ஒருங்கே தேய்கின்றன. ஆகவே நூல்களிற் காணும் பராமரிப்புக் கால அட்டவணையை மலைநாட்டார் சற்றுச் சுருக்கிக்கொள்ளல் வேண்டும்.

முதலில் இயந்திரத்தின் வெப்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெற்றோலை எரிப்பதால் கிடைக்கும் சக்தியில் ஒரு பகுதியே சில்லுகளைச் சுழற்றுகின்றது. எஞ்சியதில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போக, மற்றப் பங்கை இயந்திரத்தைச் சுற்றி ஓடும் நீர் ஏந்திச் சென்று ரேடியேற்றரில் காற்றுக்குக் கொடுக்கின்றது. கடுகண்ணாவை ஏற்றத்திலே இயந்திரம் கடுமையாக உழைக்கின்றது. வண்டியின் வேகமோ குறைவு. எனவே முன்னிருந்து வீசும் காற்றும் குறைவு. இதனோடு இன்னொன்றும் சேர்கின்றது. உயரம் ஏற ஏற நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் 98 பாகையை அண்டியும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையை அண்டியும் கொதிக்கின்றது. இதைத் தடுப்பதற்காகவே ரேடியேற்றரின் மூடி உள்ளே அமுக்கத்தைத் தேக்கி வைக்கின்றது. நல்ல நிலையிலுள்ள மூடி கொதிநிலையை ஏறக்குறைய இருபது பாகை உயர்த்திக் கொடுக்கும். அதிலுள்ள வட்ட இறப்பர் வெடித்துப் போனாலோ, சுருள்வில் தளர்ந்தாலோ அந்த இருபது பாகையும் பறிபோகின்றது. ஏற்றத்தில் வண்டி கொதிக்கின்றது என்று ரேடியேற்றரையே மாற்றியவர்களை நான் அறிவேன். சில நூறு ரூபாய் மூடியை மாற்றியிருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

ரேடியேற்றருக்குக் குழாய் நீரை மட்டும் ஊற்றுவது நம்மிடையே நெடுங்கால வழக்கம். உறைபனி இல்லாத நாட்டில் கூலன்ற் எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் உளர். கூலன்ற் என்பது உறைவதைத் தடுப்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. கொதிநிலையை உயர்த்துவதும், உள்ளே துருவும் அரிப்பும் ஏற்படாமல் காப்பதும் அதன் பணிகளே. அலுமினியத் தலையும் இரும்பு உடலும் கொண்ட இயந்திரத்தில் வெறும் நீர் ஓடினால், இரண்டு உலோகங்களுக்கும் இடையே அரிப்பு மெல்ல மெல்ல நிகழ்கின்றது. நீர் செங்கல் நிறமாகி, ரேடியேற்றரின் மெல்லிய குழல்களில் சேறு படிகின்றது. கூலன்ற்றின் காப்புச் சக்தியும் காலப்போக்கில் தேய்வதால், சாதாரண பச்சைநிறக் கூலன்ற்றை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே கண்டிக்க விரும்புகிறேன். வண்டி சூடாகின்றது என்றவுடன் தேர்மோஸ்ரற் என்னும் வெப்ப வாயிலைக் கழற்றி எறிந்துவிடுவது பல கராஜ்களில் கைகண்ட வைத்தியமாகக் கருதப்படுகின்றது. அந்தச் சிறு வாயில், இயந்திரம் உரிய வெப்பத்தை அடையும் வரை நீரைத் தடுத்து வைத்து, அதன்பின் திறந்துவிடுவது. அதை நீக்கினால் குளிர்ந்த காலைகளில் இயந்திரம் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். பெற்றோல் கூடுதலாகச் செலவாகும். சிலிண்டர்ச் சுவர் விரைவிலே தேயும். நோயின் அடையாளம் மறைந்து நோய் உள்ளே வளரும். சூடாவதற்குரிய மெய்யான காரணம், அடைபட்ட ரேடியேற்றரோ, சுழலாத விசிறியோ, தேய்ந்த நீர்ப் பம்போ, அது அப்படியே இருந்து ஒருநாள் ஹெட் காஸ்கற்றைக் கருக்கிவிடும். எண்ணெய்க் கோலில் பால் கலந்த தேநீரின் நிறம் தென்பட்டாலும், ரேடியேற்றர் நீரில் இடைவிடாது குமிழிகள் எழுந்தாலும் அது நேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். வீதியோரத்தில் கொதித்து நிற்கும் வண்டியின் மூடியை உடனே திறக்கலாகாது என்பதை எல்லாரும் அறிவர். அறிந்தும் முகத்தையும் கையையும் சுட்டுக்கொள்வோர் இருக்கிறார்கள். அமுக்கத்தில் அடங்கியிருந்த நீர், மூடி திறந்த கணத்தில் ஆவியாகிப் பீறிடும். அரை மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும்.

இயந்திர எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாதாரணக் கனிம எண்ணெயாயின் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பது நம் நாட்டில் வழங்கும் நல்ல கணக்கு. குறைவாக ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றல் வேண்டும். குறுந்தூர ஓட்டங்களில் உண்டாகும் ஈரம் எண்ணெயிலேயே தங்கிவிடும். பழைய வண்டி எண்ணெய் குடிப்பது இயல்பு. குடிப்பதை அறியாமல் ஓட்டுவதே ஆபத்து. வாரம் ஒருமுறை கோலை இழுத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

புகையின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு வண்டி பாதிக் கதையைத் தானே சொல்லிவிடும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை எரிபொருள் மிகுதியையோ காற்றின் குறைவையோ காட்டும். சூடேறிய பின்னும் நிற்காத வெண்புகை, நீர் உள்ளே புகுவதைக் காட்டும். நீலப்புகையிலும் வேற்றுமை உண்டு. காலையில் இயக்கியவுடன் மட்டும் சிறிது வந்து மறைந்தால், பெரும்பாலும் வால்வுகளின் இறப்பர் முத்திரைகள் காய்ந்துவிட்டன எனலாம். ஏற்றத்தில் அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்ரன் வளையங்களை ஐயுற வேண்டும். ஐயத்தைத் தீர்க்க அமுக்கப் பரிசோதனை ஒன்று உண்டு. ஸ்பார்க் பிளக் துவாரத்தில் மானியைப் பொருத்தி ஒவ்வொரு சிலிண்டரையும் அளப்பர். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால், அளவு உயருமாயின் குற்றம் வளையத்திலும், உயராவிடின் வால்விலோ காஸ்கற்றிலோ இருக்கும். இயந்திரத்தை முழுதும் பிரிக்க வேண்டும் என்று எவரேனும் சொன்னால், பிரிக்குமுன் இந்த அளவைக் காட்டும்படி கேட்பது வண்டிக்காரரின் உரிமை.

1950, 60களின் வண்டி வைத்திருப்போர்க்கு ஒரு தனிச் செய்தி. 2002ஆம் ஆண்டுவரை நம் நாட்டுப் பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. அது பிள்ளைகளின் மூளைக்கு நஞ்சு. அதை நீக்கியது மிக நல்ல செயல். ஆனால் அந்த ஈயம் பழைய இரும்புத் தலைகளில் வால்வு அமரும் விளிம்பின் மீது மெல்லிய படலமாகப் படிந்து அதைக் காத்தும் வந்தது. ஈயமற்ற பெற்றோலில் ஏற்றங்களில் கடுமையாக ஓட்டப்படும் பழைய இயந்திரத்தில் அவ்விளிம்பு அரிந்து, வால்வு உள்ளே அமிழ்ந்து, இடைவெளி அற்றுப் போகும். தலையைக் கழற்ற நேரும் சமயத்தில் கடினமான உருக்கு வளையங்களைப் பதித்துவிட்டால் அந்தக் கவலை தீரும்.

ரைமிங் பெல்ற் என்னும் பல்லுள்ள இறப்பர்ப் பட்டி, முன்னறிவிப்பின்றி அறுவது. ஜப்பானிய வண்டிகளிற் பலவற்றுக்கு 100,000 கிலோமீற்றர் என்று எல்லை விதித்துள்ளனர். எனினும் இறப்பர் தூரத்தால் மட்டுமன்றி வயதாலும் கெடும். சில இயந்திரங்களில் அது அறுந்தால் பிஸ்ரனும் வால்வும் மோதிச் சிதையும். பட்டி மாற்றப்பட்ட நாள் தெரியாத வண்டியை வாங்கியவர், வாங்கிய மாதத்திலேயே அதை மாற்றிவிடுவது நலம். பிந்திய வண்டிகளிற் பலவற்றில் பட்டிக்குப் பதிலாகச் சங்கிலி உள்ளது. அதற்கு வேண்டியது காலந்தவறாத எண்ணெய் மாற்றமே.

இனி, இன்றைய பேச்சின் முதன்மையான பகுதிக்கு வருகிறேன். வண்டி ஏற மறுத்தால் வீதியோரத்தில் நிற்கும். இறங்கும்போது நிற்க மறுத்தால் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் என்பது வெப்பத்தை உண்டாக்கும் கருவியே. ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டி 300 மீற்றர் கீழே இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறத்தாழ ஒன்பது லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில், ஹுன்னஸ்கிரியவைக் கடந்த பின் வரும் பதினெட்டு வளைவுகளைப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவர், அத்தனை வெப்பத்தையும் நான்கு சில்லுகளுக்குள் கொட்டுகிறார். உராய்வுத் தகடுகள் மிகச் சூடேறும்போது அவற்றின் பிடி தளர்கின்றது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போவதுபோல் தோன்றும்.

அதனினும் கொடியது வேறொன்று. மிதியின் அழுத்தத்தைச் சில்லுகளுக்கு எடுத்துச் செல்வது பிரேக் எண்ணெய். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. டொட் 3 எனக் குறியிட்ட எண்ணெய் புதிதாயிருக்கும்போது 205 பாகை வரை கொதியாமல் நிற்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான நீர் சேர்ந்துவிட்டால் அவ்வெல்லை 140 பாகையளவுக்கு இறங்கிவிடும். டொட் 4 சற்று மேலானது. 230 பாகை 155 ஆகக் குறையும். மழையும் மூடுபனியும் மிகுந்த நம் பகுதியில் ஈரம் சேர்வதற்குத் தடையேது? நீண்ட இறக்கத்தில் சில்லின் வெப்பம் எண்ணெயைக் கொதிக்க வைத்தால் குழாயில் நீராவிக் குமிழிகள் தோன்றும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். மிதி தரைவரை அமிழும். சில்லில் எதுவும் நிகழாது. சில மணி நேரம் கழித்துச் சூடு ஆறியபின் பார்த்தால் பிரேக் மறுபடி சரியாகவே இருக்கும். ஆகையால் விபத்துக்குப் பின் வண்டியைச் சோதிப்பவர்க்கும் குற்றம் புலப்படாமற் போகலாம்.

எங்கள் ஆசிரியர் ஒருவருக்கு இதுவே நேர்ந்தது. மனைவியும் இரு பிள்ளைகளும் வண்டியில் இருந்தனர். ஆறாவது ஏழாவது வளைவில் மிதி முழுதும் உள்ளே போய்விட்டது. பதற்றத்திலும் அவர் இரண்டாம் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சரிவின் பக்கமாக வண்டியை உராயவிட்டு நிறுத்தினார். முன்விளக்கும் கதவும் நசுங்கின, உயிர்கள் தப்பின. அந்த வண்டியின் பிரேக் தகடுகள் இரண்டு மாதத்துக்கு முன்னரே புதிதாக மாற்றப்பட்டவை. எண்ணெயை மட்டும், வாங்கிய நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகளாக, ஒருவரும் மாற்றியதில்லை. குறைந்தபோது மேலே கொஞ்சம் ஊற்றியதே உண்டு. திறந்து பார்த்தபோது அது கறுத்த தேயிலைச் சாயம்போல் இருந்தது. ஒரு போத்தல் எண்ணெயும் அரை நாள் கூலியும் சேர்ந்து, நசுங்கிய கதவைத் திருத்திய செலவில் பத்திலொரு பங்கும் ஆகாது என்று அவரே பின்னர் கணக்குக் காட்டினார்.

ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெயை முற்றாக வடித்து மாற்றுதல் வேண்டும். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, நின்ற வண்டியில் மிதியை உறுதியாக அழுத்தி அரை நிமிடம் வைத்திருங்கள். அது மெல்ல மெல்லக் கீழே அமிழ்ந்தால், பிரதான சிலிண்டரின் முத்திரை தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ கசிகின்றது. சில்லின் உட்புறத்தில் ஈரக்கசிவு உள்ளதா என்றும், வளையும் இறப்பர்க் குழாய்களில் வெடிப்புள்ளதா என்றும் பார்க்கலாம். மொரிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகளில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். அவ்வண்டிகளில் கைப்பிரேக் கம்பி உயிர்க்காப்பு ஆகும்.

இறங்கும் முறையும் பராமரிப்பின் பகுதியே. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய லொறிச் சாரதிகளின் விதி. தானியங்கிக் கியர் வண்டி ஓட்டுவோர் பலர் டி என்ற எழுத்தைத் தவிர மற்றவற்றைத் தொடுவதேயில்லை. எல், 2 என்ற இடங்கள் இறக்கத்துக்காகவே அமைந்தவை. ஹைபிரிட் வண்டியில் பி என்ற எழுத்தைக் காணலாம். அவ்வண்டிகள் இறங்கும் சக்தியைப் பற்றறியில் சேமித்தபடி வேகத்தைக் குறைப்பவை. நீண்ட இறக்கத்தில் பற்றறி நிறைந்துவிட்டால் அந்த உதவி நின்று, சாதாரணப் பிரேக்கே முழுச் சுமையையும் ஏற்க நேரும். அப்போது பி என்ற இடம் இயந்திரத்தின் தடையைத் துணைக்கு அழைக்கின்றது.

2008ஆம் ஆண்டிலிருந்து வருமான அனுமதிப்பத்திரம் பெறப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்ற ஏற்பாடு நடைமுறையிலுள்ளது. காற்றின் தூய்மைக்கு அது நன்மையே. ஆனால் சிலர், சான்றிதழ் கிடைத்துவிட்டது, வண்டி நன்றாயிருக்கிறது என்று எண்ணுகின்றனர். அச்சோதனை புகையைப் பார்ப்பதேயன்றிப் பிரேக்கையோ ரயரையோ பார்ப்பதன்று. சொந்தக் காரின் பிரேக்கைச் சோதிக்கும் பொறுப்பு சொந்தக்காரரிடமே இருக்கின்றது.

ரயர் என்றவுடன் பள்ளத்தின் ஆழத்தை மட்டும் பார்ப்பது போதாது. அதன் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் கொண்ட ஒரு குறி பொறிக்கப்பட்டிருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் வார்க்கப்பட்டது என்று பொருள். குறைவாக ஓடும் வண்டியில் பள்ளம் ஆழமாகவே இருக்க, இறப்பர் பத்து வயதாகிக் கல்லாய் இறுகியிருக்கும். மழை வீதியில் அது பிடிக்காது. சில்லுகளைத் தாங்கும் போல் ஜொயின்ற்றுகளும் இறப்பர்ப் புஷ்களும் குழி விழுந்த கிளைவீதிகளால் விரைவில் தளர்கின்றன. சுக்கானில் அதிர்வு, ஒருபக்கம் இழுத்தல், மேடுபள்ளத்தில் கடகட ஓசை ஆகியவை அவற்றின் குரல்கள்.

சுக்கான் என்றதும் ஒரு சொல்லாராய்ச்சி. கராஜில் வழங்கும் மொழியைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு எப்பொழுதும் இன்பம் தருவது. அங்கே சிங்களத்தில் சுக்கானம என்பர். நம் கடலோடிகள் மரக்கலத்தைத் திருப்பிய சுக்கானே அது. அச்சொல் அராபியரிடமிருந்து நமக்கு வந்தது. சில்லைக் குறிக்கும் ரோதய போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. தலைமைத் தொழிலாளியைப் பாஸ் என்று அழைக்கிறோமே, அது ஒல்லாந்தர் சொல். மற்றவையெல்லாம் ஆங்கிலம். கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வண்டியின் கீழே படுத்துக்கொண்டு இந்தக் கலவை மொழியில் வாதிடும்போது நாலு நூற்றாண்டுச் சரித்திரம் காதில் விழுகின்றது.

நல்ல பாஸ் ஒருவர் கிடைப்பது பெரும் பேறு. அவர் முதலில் கேட்பார், பிறகு ஓட்டிப் பார்ப்பார், அதன் பின்னரே சாவியைக் கையிலெடுப்பார். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டும்படி கேட்டால் சினம் கொள்ளமாட்டார். ஊகத்தின் பேரில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பவரிடம் வண்டியை விட்டால், குணமாவதற்கு முன் பணம் தீர்ந்துவிடும். அவருக்கு நாமும் ஓர் உதவி செய்யலாம். சிறு குறிப்புப் புத்தகம் ஒன்றில் திகதி, ஓடிய தூரம், செய்த வேலை, மாற்றிய பாகம், செலவு இவற்றை எழுதி வைத்தல். பாடசாலையில் சம்பவத் திரட்டுப் புத்தகம் எழுதிப் பழகிய எனக்கு இது எளிது. இரண்டு ஆண்டுக் குறிப்பைப் புரட்டினாலே, எது வழமையான தேய்வு, எது மறைந்திருக்கும் குற்றம் என்பது புலனாகும். ஒரே நீர்ப் பம்ப் ஒரே ஆண்டில் இருமுறை போயிருந்தால் குற்றம் பம்பில் இல்லை.

உதிரிப்பாகம் தேடுவோர் கொழும்புப் பஞ்சிகாவத்தையை அறிவர். மருதானையை அடுத்துள்ள அந்தத் தெருக்களில், வெட்டப்பட்ட ஜப்பானிய வண்டிகளின் உறுப்புகள் மலைபோல் குவிந்திருக்கும். கதவு, கண்ணாடி, விளக்கு, கியர்ப்பெட்டி போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. புதியவற்றின் மலிவான போலிகளைவிட அவை பலமுறை மேலானவை. ஆனால் பிரேக் தகடு, பிரேக் சிலிண்டரின் இறப்பர், ரைமிங் பெல்ற், ரயர் ஆகியவற்றைப் பழையதாக வாங்குவது சேமிப்பாகாது. மொரிஸ் மைனருக்கோ வேறொரு பெருமை உண்டு. 1971இல் இங்கிலாந்தில் அதன் உற்பத்தி நின்றது. 1990களின் தொடக்கத்தில், பாத் நகரில் அவ்வண்டிகளைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயர் என்பவர், அதன் தகட்டுப் பாகங்களைச் செய்விப்பதற்கு இலங்கைக் கைவினைஞரை நாடினார். பழையதைத் திருத்தி வாழக் கற்ற நம்மவரின் கைத்திறன், வண்டி பிறந்த நாட்டுக்கே திரும்பிச் சென்றது.

துருவைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் சொல்லாமல் முடிக்க இயலாது. கண்டியில் மரநிழலில் வண்டியை நிறுத்துகிறோம். முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள நீர்வடி துவாரங்களில் இலைகள் அடைத்து, மழைநீர் உள்ளே தேங்கி, விரிப்பின் அடியில் தகட்டைத் தின்கின்றது. மாதம் ஒருமுறை அவ்விலைகளை அள்ளிவிட்டாலே பாதித் துரு தடைப்படும். பளபளப்பான வர்ணத்தின் மேல் ஒரு காந்தத்தை மெல்லிய துணியால் சுற்றி நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பசையே இருக்கின்றது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மகாவலி பெருகிக் கம்பளையிலும் பேராதனையிலும் புகுந்ததை நாம் மறக்க இயலாது. உயிரிழந்தோரின் துயரத்தின் முன் வண்டிகளின் கதை சிறிது. ஆயினும் நீர் வடிந்தபின், எஞ்சிய ஒரே சொத்தாகிய வண்டியைக் காப்பாற்ற விரைந்து, சாவியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. அதையே செய்யலாகாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது. ஏறி வரும் பிஸ்ரன் அதை மோதினால் அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். முதலில் பற்றறியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இயந்திரத்தைக் கையாலே சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். இயந்திரம், கியர்ப்பெட்டி, பிரேக் ஆகிய மூன்றின் எண்ணெயையும் மாற்றிய பின்னரே இயக்கலாம். ஹைபிரிட் வண்டி நனைந்திருந்தால் வீட்டார் அதைத் தொடாமல், பயிற்சி பெற்றவரை அழைக்க வேண்டும். பிரியஸ் வண்டிகளின் பற்றறியில் 200 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. அது வீட்டு மின்சாரத்தைப் போலவே உயிரைப் பறிக்க வல்லது.

அதே பற்றறிதான், வெள்ளம் காணாத ஹைபிரிட் வண்டிகளிலும் முதுமையில் பெருஞ்செலவைக் கொண்டு வருவது. அதைக் குளிர்விக்கும் காற்று, பின் ஆசனத்தின் பக்கத்திலுள்ள சிறு வாயில் வழியே போகின்றது. அவ்வாயிலின் மேல் பையையும் துணியையும் குவித்து வைப்பதும், வடியில் தூசி அடைவதும் பற்றறியை வேகவைக்கும். பிரியஸில் 28 அலகுகள் வரிசையாக உள்ளன. ஒன்றிரண்டு கெட்டபோது அவற்றை மட்டும் மாற்றித் தருவோர் உண்டு. ஆனால் பழையவற்றோடு புதியதைச் சேர்த்தால் சில மாதங்களில் அடுத்தடுத்த அலகுகள் கெடுவது வழக்கம்.

எப்பொழுது திருத்துவது, எப்பொழுது கைவிடுவது என்று பலர் என்னைக் கேட்பர். இயந்திரம் போனால் வேறு இயந்திரம் பொருத்தலாம், கியர்ப்பெட்டியும் அவ்வாறே. செலவு வண்டியின் விலையில் மூன்றிலொன்றைத் தாண்டினாலும், அதே விலைக்கு வாங்கும் இன்னொரு பழைய வண்டியின் குற்றங்களை நாம் அறியோம் என்பதைக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். ஆனால் சில்லுகளைத் தாங்கும் கைகள் பொருத்தப்பட்ட அடிச்சட்டத்தில் துரு ஊடுருவி, திருப்புளியால் குத்தினால் அது உள்ளே போகுமாயின், மேலே புதுத் தகடு ஒட்டி வர்ணம் பூசிக் கொடுப்பவரிடம் அந்த வண்டியை விடாதீர்கள். பாடசாலை வான் ஒன்றைப் பிள்ளைக்கு ஒழுங்கு செய்யும் பெற்றோர், மாதக் கட்டணத்தை விசாரிக்கும்போதே வண்டியின் கீழே ஒருமுறை குனிந்து பார்க்கவும், பிரேக் எண்ணெய் கடைசியாக எப்பொழுது மாற்றப்பட்டது என்று சாரதியைக் கேட்கவும் தயங்க வேண்டாம். எங்கள் பாடசாலை வாயிலில் இந்தக் கேள்வியை நான் கேட்கத் தொடங்கிய முதல் வாரத்தில் சிலர் முணுமுணுத்தனர். மறுவாரம் இரு சாரதிகள் பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து காட்டினர்.